அந்த ஒரு காட்சியை மட்டும் புரட்டிப் பாருங்கள்

சூப்பர்ஹீரோ படங்களின் தீவிர ரசிகர்கள் பலரும் காமிக்ஸை ஒரு மூலப்பொருளாகத்தான் பார்க்கிறார்கள். படம் எடுக்கக் கையில் பணமும் தொழில்நுட்பமும் இல்லாத காலத்தில் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டார்கள், இப்போது அதையெல்லாம் திரையில் காட்ட முடிகிறது, ஆகவே காகிதத்தின் வேலை முடிந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. என் அக்கா மகனும் இந்தக் கட்சிதான். 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ தொடங்கி ஒரு படம் விடாமல் பார்த்திருக்கிறான். எந்தப் படத்தின் முடிவில் எந்தக் காட்சி ஒளிந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். காமிக்ஸ் படியேன் என்று ஒருமுறை சொன்னேன். “அது படத்துக்கு முன்னாடி வரைஞ்சு வெச்ச ஸ்கெட்ச் மாதிரிதானே சித்தி? படமே வந்தப்புறம் ஸ்கெட்ச்சை எதுக்குப் பாக்கணும்?” என்றான்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அதில் அலட்சியம் இருந்திருந்தால் மறந்திருப்பேன். அவன் நியாயமாகத்தான் கேட்டான். காமிக்ஸ் வாசகர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. ‘படத்தில் விட்டுப்போனது நிறைய இருக்கிறது’ என்போம். விட்டுப்போனதைத் தெரிந்துகொள்ள இணையத்தில் கதைச்சுருக்கம் போதும்; பத்து நிமிடத்தில் நாற்பது ஆண்டுக் கதையை விளக்கும் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. ‘காமிக்ஸில் பாத்திரங்கள் இன்னும் அதிகம்’ என்போம். அது தொடங்க நினைப்பவரை விரட்டுகிற வாக்கியம். ‘மூலத்தைப் படிப்பதுதான் முறை’ என்று சிலர் சொல்வதுண்டு. பொழுதுபோக்குக்காகப் படம் பார்க்கிற ஒருவருக்குக் கடமையை நினைவூட்டி என்ன ஆகப்போகிறது? இந்த மூன்று பதில்களுமே காமிக்ஸ் என்பது அதே சரக்கு, கொஞ்சம் கூடுதலாக, என்றுதான் சொல்கின்றன. அதே சரக்கு என்றால் அவன் சொன்னது சரி. நடிகர்களும் இசையும் இருக்கிற வடிவம்தான் ஜெயிக்கும்.

சுருக்கிச் சொல்ல முடியாதது, காணொளியில் விளக்க முடியாதது, திரைக்குக் கொண்டுபோனால் கையோடு வராதது என்று காமிக்ஸில் ஏதாவது இருக்க வேண்டும். அது இருப்பது எனக்குத் தெரியும், சிறு வயதிலிருந்து அதற்காகத்தான் படிக்கிறேன். ஆனால் அதை விளக்கிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியது. காட்டத்தான் வேண்டும்.

இடிபாட்டுக்கு அடியில்

2017இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தில் உனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. வில்லன் வல்ச்சர் கூரையைத் தகர்த்துவிட்டுப் போய்விடுவான், கான்கிரீட் குவியலுக்கு அடியில் ஸ்பைடர்மேனான பீட்டர் மாட்டிக்கொண்டு, அழுகிற குரலில் உதவி கேட்டுக் கத்துவான், யாரும் வரமாட்டார்கள். எதிரே தேங்கிய தண்ணீரில் முகமூடி கிடக்கும். அதில் பாதி அவன் முகமும் பாதி முகமூடியுமாகப் பிம்பம் தெரியும். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்திருப்பான். அந்தப் படத்தில் எனக்கும் அதுதான் பிடித்த இடம். பாதி முகம், பாதி முகமூடி என்பது அறுபதுகளில் ஸ்பைடர்மேன் காமிக்ஸை வரைந்த ஸ்டீவ் டிட்கோ பீட்டரின் மனப்போராட்டத்தைக் காட்டத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய உத்தி என்று அவனுக்குச் சொல்லவில்லை. டேப்லெட்டில் ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ 32ஆம் இதழின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இதிலிருந்து அடுத்த இதழின் முதல் சில பக்கங்கள் வரை மட்டும் பார் என்று கொடுத்தேன். 1966 ஜனவரி, பிப்ரவரி என்று தேதியிட்ட இரண்டு இதழ்கள்.

32ஆம் இதழ் முடியும்போது ஸ்பைடர்மேன் நீருக்கு அடியில் இருக்கும் ஒரு தளத்தில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய இயந்திரத்துக்கு அடியில் சிக்கிக் கிடக்கிறான். மேலே கூரை ஒழுகுகிறது. அவன் தேடி வந்த மருந்து எதிரிலேயே, கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. அதோடு ‘தொடரும்’. 1966இன் வாசகர்கள் ஒரு மாதம் அவனை அப்படியே அங்கே விட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த இதழ் அதே இடத்தில் தொடங்குகிறது. முயன்று பார்க்கிறான், முடியவில்லை. மறுபடி முயல்கிறான். கட்டங்களில் பெரும்பகுதியை இயந்திரமே அடைத்துக்கொண்டிருக்கிறது, மனிதன் அடியில் ஒரு சின்ன உருவம். இறந்துபோன பென் மாமாவின் முகமும் மே அத்தையின் முகமும் நினைவில் எழுகின்றன. பிறகு இயந்திரம் கொஞ்சம் அசைகிறது. அவன் உடம்பு நிமிர நிமிரக் கட்டங்களும் பெரிதாகிக்கொண்டே போகின்றன. கடைசியில் கட்டமே இல்லை. ஒரு முழுப் பக்கம், ஒரே படம். மேலிருந்து தண்ணீர் கொட்ட, இயந்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிகிறான்.

முதல் பக்கத்தைப் பையன் கைப்பேசியில் செய்தி தள்ளுகிற வேகத்தில் தள்ளினான். அடுத்ததில் வேகம் குறைந்தது. முழுப் பக்கப் படத்துக்கு வந்ததும் நிறுத்தினான். நிறுத்தி, பின்னால் போனான். இயந்திரம் பெரிதாகவும் ஆள் சின்னதாகவும் இருக்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் வந்தான். அந்த இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “எழுந்துடுவான்னு படத்துலயும் தெரியும், இதுலயும் தெரியும். ஆனா இதுல நான் அடுத்த பக்கத்துக்குப் போனாத்தான் சித்தி எழுந்திருப்பான்.”

நான் காட்ட நினைத்ததும் அதைத்தான். நான் சொல்லியிருந்தால் பாடமாகப் போயிருக்கும். அடுத்து அவன் கேட்டது இன்னும் நல்ல கேள்வி: “அந்த மருந்து யாருக்கு?” மே அத்தைக்கு. முன்பு ஒருமுறை அவள் நோயுற்றபோது பீட்டர் ரத்தம் கொடுத்தான். அவன் ரத்தத்தில் கதிரியக்கம் இருக்கிறது. அதுதான் இப்போது அவளைக் கொன்றுகொண்டிருக்கிறது. அன்பால் கொடுத்த ரத்தமே விஷமாகிவிட்டது. உலகம், பிரபஞ்சம் என்றெல்லாம் விரியும் கதை அல்ல இது. ஒரு பையன், ஒரு அத்தை, எட்டாத ஒரு மருந்து. படத்தில் பீட்டர் எழுவது தான் யார் என்று நிரூபிக்க. இதழில் எழாவிட்டால் அத்தை செத்துவிடுவாள், காரணமும் அவனாகவே இருப்பான். இரண்டும் இரண்டு கதை. படத்தில் வந்தது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இதழின் நகல் அல்ல, இதழும் அதன் முன்வரைவு அல்ல. “அப்போ 31 எங்கே?” என்றான். அந்த மாலை 31ஐயும் படித்தோம்.

காலம் யார் கையில்

திரைப்படத்தில் காலம் இயக்குநர் கையில் இருக்கிறது. ஒரு கணம் எவ்வளவு நேரம் நீள வேண்டும், எப்போது இசை எழ வேண்டும், எப்போது வெட்டி அடுத்த காட்சிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகி நம்மிடம் வருகிறது. காமிக்ஸில் ஓவியர் காலத்தை இடமாக மாற்றி வைக்கிறார். பெரிய கட்டம் நீண்ட கணம். சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வந்தால் மூச்சு வாங்குகிறது. அந்த இடத்தை மறுபடி காலமாக்குவது படிக்கிறவர்தான். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இருக்கிற வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்பதை யாரும் வரையவில்லை, நாம்தான் நடத்திக்கொள்கிறோம். ஸ்காட் மெக்ளவுட் 1993இல் காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே எழுதிய நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வரும். ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நகரமும் ஓர் அலறலும் மட்டும். கோடரியை இறக்கியது வாசகர்தான் என்பார். ஓங்கியதை மட்டும்தான் ஓவியர் வரைந்தார்.

இதை நான் முழுதாக உணர்ந்த இடம் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கும் இதழ். 1973 ஜூன் தேதியிட்ட 121ஆம் இதழ், எழுதியவர் ஜெரி கான்வே, வரைந்தவர் கில் கேன். க்வென் முதல்முதலாக வந்தது அந்த 31ஆம் இதழில்தான், ஆகவே வாசகர்கள் அவளோடு ஏழரை ஆண்டு பழகியிருந்தார்கள். வில்லன் கிரீன் காப்ளின் அவளைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலைநூலை எறிகிறான், அது அவள் காலைப் பிடித்துக்கொள்கிறது. 2014இல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ இதே மரணத்தை வேறோர் இடத்தில் வைத்துச் சொல்கிறது. மெதுவாக ஓடும் காட்சி, ஒரு கையைப் போல விரிந்து நீளும் வலைநூல். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள், அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இதழிலோ எல்லாம் ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது. வலைநூல் அவளைப் பிடிக்கிற கட்டத்தில், அவள் கழுத்தருகே, ‘ஸ்நாப்’ என்று பொடி எழுத்தில் ஓர் ஒலிக்குறிப்பு. காமிக்ஸில் வெடிச் சத்தத்துக்கும் குத்துக்கும் கட்டத்தை அடைக்கிற எழுத்து போடுவார்கள். இது அப்படி இல்லை, கண் தவறினால் போயிற்று. ஸ்பைடர்மேன் அதைக் கேட்கவில்லை. பிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தபடி அவளை மேலே இழுக்கிறான். அந்த எழுத்தைப் பார்த்துவிட்ட வாசகருக்கு அவனுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அவன் பெருமையாகப் பேசிக்கொண்டே அவளைத் தூக்கும் கட்டங்களை நாம் தெரிந்துகொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. பார்க்கத் தவறியவர் அவனோடு சேர்ந்து அதிர்ச்சி அடைவார். பிறகு பின்னால் போய்த் தேடுவார். அங்கே அது இருக்கும். விழுந்த வேகத்தில் சட்டென்று நின்றதால்தான் கழுத்து முறிந்தது, அதாவது காப்பாற்றப் போட்ட நூலே கொன்றது என்பதைச் சில இதழ்கள் கழித்து வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழுவே ஒப்புக்கொண்டது. திரையரங்கில் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. பக்கத்தில் ஒரு சத்தத்தைப் பார்க்காமல் இருக்க முடியும். ஐம்பது ஆண்டுகளாக அந்த இரண்டு அனுபவங்களுமே அந்த ஒரே பக்கத்திலிருந்து வாசகர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

இதனால்தான் கைப்பேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வசதியானதுதான், எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஆனால் எல்லாக் கட்டமும் திரையை நிறைக்கிற ஒரே அளவுக்கு வந்துவிட்டால் டிட்கோ படிப்படியாகப் பெரிதாக்கியது எங்கே போகும்? சின்னக் கட்டம் சின்னதாகவும் பெரியது பெரியதாகவும் கண்ணில் பட வேண்டும். அச்சுப் புத்தகமோ, முழுப் பக்கம் தெரிகிற டேப்லெட்டோ, ஏதாவது ஒன்று. மார்வெல், டிசி என்ற இரண்டு பெரிய பதிப்பகங்களுக்குமே சந்தா கட்டிப் படிக்கிற செயலிகள் இருக்கின்றன. நூலகத்தில் தொகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

பழைய இதழ்களில் வசனம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டான் லீ எழுதிய கட்டங்களில் படத்தில் தெரிகிற அதே விஷயத்தைப் பாத்திரமும் பேசும், மேலே பெட்டியில் விவரிப்பாளரும் பேசுவார். இன்றைய கண்ணுக்கு அது அலுப்பு. முதலில் எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே இதழைப் புரட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்து வசனத்தோடு படிப்பது என் பழக்கம். படத்தோடு முதலில் பழகிவிட்டால் வசனம் இடைஞ்சலாக இருப்பதில்லை. அக்கா மகனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கிருந்து தொடங்குவது என்ற பயம்

படம் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்கிற ஒருவரைக் காமிக்ஸ் பக்கம் வரவிடாமல் செய்வது பெரும்பாலும் காமிக்ஸ் வாசகர்கள்தான். ‘எங்கிருந்து தொடங்கட்டும்?’ என்று கேட்டதுமே படிக்க வேண்டிய வரிசை என்று ஒரு நீண்ட பட்டியலை நீட்டுவார்கள். எந்தப் பூமியில் நடக்கும் கதை, எந்த ஆண்டில் வரலாற்றை அழித்து மறுபடி தொடங்கினார்கள், எந்த 1ஆம் இதழ் உண்மையான 1ஆம் இதழ் என்றெல்லாம் விளக்கம் வரும். ஆசையோடு வந்தவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சூப்பர்மேன் 1938இலிருந்தும் பேட்மேன் 1939இலிருந்தும் வந்துகொண்டிருக்கிறார்கள். இதை முழுதாகப் படித்தவர் யாரும் இல்லை. காமிக்ஸ் எழுதுகிறவர்களே படித்திருக்க மாட்டார்கள். எந்த மாதமும் யாரோ ஒருவருக்கு அது முதல் இதழாக இருக்கும் என்ற எண்ணத்தில்தான் பல காலம் இந்த இதழ்களை எழுதினார்கள். நடுவில் நுழைவதுதான் இங்கே இயல்பான வழி.

ஆகவே ஒரு காட்சியிலிருந்து நுழையுங்கள் என்கிறேன். உங்களை உலுக்கிய காட்சி எது? அது எந்த இதழிலிருந்து வந்தது என்று தேடி அந்த இதழை மட்டும் படியுங்கள். ‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ படம் பிடித்திருந்தால், அதற்கு ஆதாரமான கதை மொத்தமே இரண்டு இதழ்கள், 1981இல் வந்தவை, கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பைர்னும் செய்தது. ஒரே அமர்வில் முடிந்துவிடும். படத்தில் வுல்வரின் காலத்தில் பின்னால் போவான். இதழில் போவது கிட்டி பிரைட், பதின்வயதுப் பெண். எதிர்காலத்தில் நடுத்தர வயதை அடைந்து எல்லாவற்றையும் இழந்த ஒருத்தியின் மனம், அணியில் புதிதாகச் சேர்ந்த சிறுமியின் உடம்புக்குள் வந்து விழிக்கிறது. வுல்வரினால் அந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவனுக்கு வயதாவது மிக மிக மெதுவாகத்தான்.

‘வின்ட்டர் சோல்ஜர்’ படத்தை விரும்பியவர்களுக்கு 2005இல் எட் புரூபேக்கர் எழுதி ஸ்டீவ் எப்டிங் வரைந்த ‘கேப்டன் அமெரிக்கா’ இருக்கிறது. இதில் காலம் இன்னொரு விதமாக வேலை செய்கிறது. திரையில் கேப்டனின் போர்க்காலத் தோழன் பக்கி ரயிலிலிருந்து விழுந்தது 2011இல், திரும்பி வந்தது 2014இல். இதழில் 1964இலேயே, கேப்டன் பனியிலிருந்து மீட்கப்பட்ட கதையிலேயே, பக்கி போரில் இறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். செத்தவர்கள் வாராவாரம் உயிரோடு வருகிற காமிக்ஸ் உலகில், பக்கி மட்டும் நாற்பது ஆண்டு செத்தேதான் கிடந்தான். வாசகர்கள் அதை மாறாத விதிபோல ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவனைத் திரும்பக் கொண்டுவருவது புரூபேக்கர் எடுத்த துணிச்சலான முடிவு. அந்தக் கதையின் கனத்தில் பாதி அந்த நாற்பது ஆண்டுதான். இது தெரிந்துகொண்டு படித்தால் போதும், நாற்பது ஆண்டு இதழ்களையும் படிக்க வேண்டியதில்லை.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. படத்தின் பெயரும் புத்தகத்தின் பெயரும் ஒன்றாக இருக்கிறதே என்று ‘சிவில் வார்’ தொகுப்பை முதலில் எடுக்காதீர்கள். 2006இல் மார்வெலின் பல தொடர்களும் வந்து மோதுகிற நிகழ்வாக அதை எழுதினார்கள். முகம் தெரியாத நூறு பேர் வந்துபோகும் கூட்டத்தில் நிற்பது போலிருக்கும். 1991இல் வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ அப்படி இல்லை, ஆறு இதழ்களில் முடிகிறது. ஆனால் படத்தை எதிர்பார்த்து உள்ளே போகக் கூடாது. வில்லன் தானோஸ் விரல் சொடுக்குவது முதல் இதழிலேயே நடந்துவிடுகிறது. அவன் பிரபஞ்சத்தின் வளங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவன் அல்ல. மரணம் என்ற பெண்ணுருவத்தின் மேல் கொண்ட காதலுக்காக அதைச் செய்கிறான், அவளோ அவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதிரணியைத் திட்டமிட்டு நடத்துவது அயர்ன் மேன் அல்ல, ஆடம் வார்லாக். என்னைக் கேட்டால் படத்தின் தானோஸைவிட இந்தத் தானோஸ்தான் பாவப்பட்டவன், அதனாலேயே பயங்கரமானவன்.

எல்லாரும் முதலில் கையில் திணிக்கிற ‘வாட்ச்மென்’ பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986, 87இல் பன்னிரண்டு இதழ்களாகச் செய்தது அது, இந்த வடிவத்தின் உச்சங்களில் ஒன்று. ஐந்தாம் இதழின் பக்க அமைப்பு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடிப் பிம்பம்போலப் பொருந்தும்படி நடுவில் மடிந்திருக்கிறது. ஆனால் அது சூப்பர்ஹீரோ காமிக்ஸோடு அந்த வடிவத்துக்குள்ளிருந்தே நடத்திய விவாதம். விவாதத்தின் மறுதரப்பைக் கொஞ்சமாவது கேட்டிருந்தால்தான் அதன் கூர்மை தைக்கும். பத்துப் பதினைந்து நல்ல காமிக்ஸ்களுக்குப் பிறகு அதற்கு வாருங்கள்.

அதற்குப் பதில் மேட் ஃபிராக்‌ஷன் எழுதி டேவிட் ஆஹா வரைந்த ‘ஹாக்ஐ’ தொடரின் 11ஆம் இதழை எடுத்துப் பாருங்கள், 2013இல் வந்தது. ஒரு கொலையை ஒரு நாயின் பார்வையிலிருந்து சொல்கிற இதழ். மனிதர்கள் பேசுவதில் நாய்க்குத் தெரிந்த சொற்கள் மட்டும்தான் படிக்க முடிகிறது, மற்றதெல்லாம் கிறுக்கல். வாசனைகள் சின்னச் சின்னக் குறியீடுகளாக ஒருவரிலிருந்து இன்னொருவருக்குக் கோடு இழுத்து ஓடுகின்றன. யார் யாரோடு இருந்தார்கள், யாருக்கு எங்கே தொடர்பு என்பதை நாய் அப்படித்தான் துப்பறிகிறது. 2021இல் வந்த ‘ஹாக்ஐ’ தொலைக்காட்சித் தொடர் இந்த நாயையும் அந்தக் காமிக்ஸின் பலவற்றையும் எடுத்துக்கொண்டது, இந்த இதழை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தாலும் இதைத் திரையில் எப்படிச் செய்வது?

முதல் பக்கம் மட்டுமே போதும் என்கிறவர்களுக்கு ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’. கிரான்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் செய்தது. 2025 சூப்பர்மேன் படத்துக்கு இது தனக்குப் பெரிய தூண்டுதல் என்று அதன் இயக்குநர் ஜேம்ஸ் கன் சொல்லியிருக்கிறார். அழிகிற கிரகம், தவிக்கிற விஞ்ஞானிகள், கடைசி நம்பிக்கை, அன்பான தம்பதி. நான்கு படங்கள், ஆங்கிலத்தில் எட்டே சொற்கள், சூப்பர்மேன் பிறந்த கதை முடிந்தது. பக்கத்தைத் திருப்பினால் அவன் சூரியனுக்கு முன்னால் பறந்துகொண்டிருக்கிறான். அந்தக் கதை நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று இந்த இருவரும் நம்மை நம்பினார்கள். திரைப்படங்கள் அந்தப் பிறப்புக் கதைக்கு எத்தனை முறை எவ்வளவு நேரம் செலவழித்திருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கையின் அருமை புரியும்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு

படத்தில் நாம் பாத்திரத்தைப் பின்தொடர்கிறோம். ஸ்பைடர்மேன் பிடித்தால் அடுத்த ஸ்பைடர்மேன் படத்துக்குப் போகிறோம். காமிக்ஸில் அப்படிப் போனால் ஏமாற்றம்தான் அதிகம் கிடைக்கும். ஒரே பாத்திரத்தை நூற்றுக்கணக்கானவர்கள் எழுதி வரைந்திருக்கிறார்கள், அதில் சுமாரானதே மிகுதி. இங்கே பின்தொடர வேண்டியது அட்டையில் இருக்கும் பெயர்களை. இடிபாட்டுக் காட்சி வருகிற 33ஆம் இதழின் முதல் பக்கத்தில் எழுதியவர் ஸ்டான் லீ என்றும், கதையை அமைத்து வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ என்றும் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பக்கங்களை யோசித்தது டிட்கோ. 38ஆம் இதழோடு அவர் அந்தத் தொடரை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகும் ஸ்பைடர்மேன் அருமையாகத்தான் இருந்தான், ஆனால் வேறு ஆளாக இருந்தான். படத்தின் முடிவில் நன்றி என்ற தலைப்பில் இந்தப் பெயர்கள் பொடி எழுத்தில் மேலே நகர்ந்து போகும், அந்த நேரத்தில் எல்லாரும் அடுத்து வரப்போகும் மர்மக் காட்சிக்காகக் காத்திருப்பார்கள். எந்தக் காட்சிக்காகக் கைதட்டினோமோ அதை முதலில் ஒரு மேசையில் குனிந்து உட்கார்ந்து வரைந்தவரின் பெயர் அது. அதைத் தெரிந்துகொள்வதற்காகவாவது ரசிகர்கள் ஒருமுறை இதழைத் திறக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் வழி எப்படித் திறக்கும் என்பதற்கு ஒரே ஒரு பாதையைச் சொல்கிறேன். 2005இல் வந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ உங்களுக்குப் பிடித்த படம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படம் நிறையக் கடன்பட்டிருக்கிற கதை 1987இல் வந்த ‘பேட்மேன்: இயர் ஒன்’. நான்கே இதழ்கள், ஏறக்குறைய நூறு பக்கம். எழுதியவர் ஃபிராங்க் மில்லர், வரைந்தவர் டேவிட் மஸுக்கெல்லி. படித்துப் பார்த்தால் அது பேட்மேனின் கதையாக இருக்கும் அளவுக்கு ஜிம் கார்டனின் கதையாகவும் இருக்கும். ஊழல் மலிந்த காவல்துறைக்கு மாற்றலாகி வந்த நேர்மையான அதிகாரி, கர்ப்பிணி மனைவி, தூக்கம் வராத இரவுகள். இந்த இருவரும் இதற்கு முந்தைய ஆண்டு என்ன செய்தார்கள் என்று தேடினால் ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ கிடைக்கும். ஒரு மனிதனின் ரகசியப் பெயர் விற்கப்பட்டு, வீடு, வேலை, புத்தி எல்லாம் ஒவ்வொன்றாகப் பறிபோகும் கதை. 2025இல் அதே பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடர் வேறு கதை, ஆகவே இதை அது கெடுக்காது. ‘பார்ன் அகெய்ன்’ இதழ்களை வரிசையாகப் பார்த்தால் மஸுக்கெல்லியின் கோடு மாதாமாதம் மாறுவது தெரியும். தசையும் நிழலுமாக இருந்த ஓவியம் மெல்ல மெல்ல எளிமையாகி, ‘இயர் ஒன்’னில் நாலே கோட்டில் ஒரு முகக் களைப்பைக் கொண்டுவரும் இடத்துக்கு வந்து சேர்கிறது.

அதன் பிறகு அவர் சூப்பர்ஹீரோக்களை ஏறக்குறைய விட்டேவிட்டார். 2009இல் ‘அஸ்டீரியஸ் பாலிப்’ என்று ஒரு முழுநீளக் காமிக்ஸ் கொண்டுவந்தார். முகமூடி இல்லை, வில்லன் இல்லை, தன் கட்டடங்கள் ஒன்றுகூட எழும்பாத ஒரு கட்டடக்கலைப் பேராசிரியரின் கதை. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தனிக் கோடு, ஒரு தனி நிறம், பேச்சுக்கு ஒரு தனி எழுத்துருவம். கணவனும் மனைவியும் சண்டை போடும்போது ஒருவர் நீலக் கோட்டு வடிவங்களாகவும் இன்னொருவர் சிவப்பு நிழலாகவும் பிரிந்துபோவார்கள். அக்கா மகன் இப்போது ‘பார்ன் அகெய்ன்’ முடித்துவிட்டு, இந்த ஓவியர் வேறு என்ன வரைந்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறான். பெயர் சொல்லித்தான் கேட்டான். ‘அஸ்டீரியஸ் பாலிப்’ பற்றிச் சொன்னேன். அதில் யாரும் பறக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். பரவாயில்லை, கொடுங்கள் என்றான்.